ஏழாம் பாதை

எங்கள் ஊரில் பயந்தாங்கொள்ளிகளுக்கு முயல் என்று பெயர். ஃபோஸ்கா புல்லேரிக்கு அந்தப் பெயர் ஏழு வயதில் வந்தது. ஆசிரியை எங்கள் வகுப்பைச் சரிவு விளிம்புக்குக் கூட்டிப்போயிருந்தார். ஊருக்கு மேற்கே மண் உடைந்து உடைந்து விழுந்து, ஒரு பழைய தேவாலயத்தையே விழுங்கிவிட்ட பள்ளம் அது. மற்ற பிள்ளைகள் நாங்களெல்லாம் எட்டிப் பார்க்க முண்டியடித்தோம். ஃபோஸ்கா விளிம்புக்கு ஐம்பதடி முன்னாலேயே குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆசிரியை அவளைத் தூக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருந்தது. வழியெல்லாம் "முயல், முயல்" என்று கத்திக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

அன்றிலிருந்து அவளை எனக்குத் தெரியும். நான் இதே ஊரில், வோல்தெர்ராவின் மதிலில் உள்ள பிரான்செஸ்கோ வாசலுக்கு வெளியே டயர் கடை வைத்திருக்கிறேன். அவள் ஆரம்பப் பள்ளியில் மதிய உணவு சமைக்கிறாள். கணவருக்குப் பொன்தெதேராவில் ஆலை வேலை, மகள் பீசாவில் படிக்கிறாள்.

ஃபோஸ்காவுக்குப் பயமில்லாதது எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். லிஃப்ட் பயம். இடி பயம். சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தால் பயம். யாரோ செத்துப்போன செய்தியாகத்தான் இருக்கும் என்பாள். நாய் என்றால், கைப்பைக்குள் உட்கார்ந்திருக்கும் பொம்மை மாதிரியான நாயைக் கண்டால்கூடத் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். ஆனால் பயம் என்று சொல்லி அவள் ஒரு வேலையையும் விட்டதில்லை. நெருப்பென்றாலும் பயம்தான், முப்பது லிட்டர் பாத்திரத்தில் தினமும் சூப் கொதிக்கிறது.

நாற்பத்துநாலு வயதில் அவளுக்கு ரத்தத்தில் சர்க்கரை கண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். அவள் எங்கள் ஓட்டக் குழுவில் வந்து சேர்ந்தாள். நடக்கச் சொன்னதற்கு ஏன் ஓட வந்தாய் என்று கேட்டேன்.

"நடந்தா ஒரு மணி நேரம் வெளிய இருக்கணும். ஓடினா சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்ல" என்றாள்.

எங்கள் குழுவில் அப்போது ஒன்பது பேர். ஊர் மேலே இருக்கிறது, பாதைகள் எல்லாம் கீழே. நாங்கள் எதையும் யோசிக்காமல் இறங்குவோம், மூச்சிரைக்க ஏறுவோம், மேலே வந்ததும் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுக் கலைவோம். ஃபோஸ்கா எப்போதும் கடைசியில் வருவாள். களைப்பால் அல்ல. வளைவுக்கு வளைவு நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். எந்த வீட்டு நாய் கட்டியிருக்கிறது, எது அவிழ்ந்து கிடக்கிறது, எந்த வேலியில் கம்பி அறுந்திருக்கிறது, மழைக்குப் பிறகு எந்தக் களிமண் சரிவு வழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நாங்கள் அவளைக் கேலி செய்துகொண்டே அவள் சொன்ன பக்கமாகத்தான் ஓடினோம்.

அவள் ஓட ஆரம்பித்த இரண்டாவது வருஷ வசந்தத்தில் அது நடந்தது. ஏரா ஆற்றுப் பக்கத்துச் சரிவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தபோது மேட்டுக்குப் பின்னாலிருந்து நாலு வெள்ளை நாய்கள் வந்தன. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். ஆட்டுமந்தையை ஓநாயிடமிருந்து காக்க வளர்க்கிற ஜாதி. அவள் ஓடினாள். ஓடியிருக்கக் கூடாது. மூன்று நாய்கள் சுற்றி நின்று குரைத்தன, நாலாவது பின்னாலிருந்து காலைக் கவ்வியது. எங்கிருந்தோ ஒரு விசில் கேட்டு நாலும் திரும்பிப் போய்விட்டன. விசிலடித்தவர் அவளைப் பார்க்கவில்லை. கெண்டைக்காலில் ஒன்பது தையல். புகார் கொடு என்று எல்லாரும் சொன்னோம். அவள் கொடுக்கவில்லை. நாயை விட நாய்க்காரரிடம் அவளுக்குப் பயம் அதிகம்.

அந்த நாய்க்காரர் பக்கீசியோ. ஒன்பது வயதில் அப்பாவோடும் ஆடுகளோடும் சார்தீனியாத் தீவிலிருந்து கப்பலில் வந்தவர். அறுபது வருஷமாக இங்கே இருக்கிறார், இன்னும் அவரை ஊரில் "அந்தத் தீவுக்காரர்" என்றுதான் சொல்கிறோம். அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. என் கடைக்கு வந்தால் மூன்று சக்கர வண்டியை நிறுத்துவார், பழுதான டயரை விரலால் காட்டுவார், வெளியே போய் நிற்பார்.

கால் ஆறிய பிறகு ஃபோஸ்கா இரண்டு மாதம் ஓடவில்லை. பிறகு நகர மதிலைச் சுற்றி மட்டும் ஓடினாள். பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள். எப்படி மனசு வந்தது என்று கேட்டதற்கு, வீட்டுக்குள் உட்கார்ந்து நாய்களை நினைத்துக்கொண்டிருப்பது நாய்களை விட மோசமாக இருந்தது என்று சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் மதில் வாசலருகே ஓர்னெல்லா ஒரு சின்ன விடுதி திறந்தாள். ஃபோஸ்காவுக்குச் சித்தி மகள். தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் காலையில் இறங்கி வந்ததும் எங்கே ஓடலாம் என்று கேட்கிறார்களாம். ஓர்னெல்லா எங்கள் குழுவிடம் கேட்டாள். எங்கேயாவது இறங்கி எங்கேயாவது ஏறச் சொல் என்றோம். ஃபோஸ்கா மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஒரு தாள் எழுதிக் கொண்டுவந்தாள். அடுத்த வருஷத்துக்குள் எட்டுப் பாதைகள், எட்டுத் தாள்கள்.

அப்படியொரு வழிகாட்டித் தாளை நான் எங்கும் பார்த்ததில்லை. "இரண்டாம் பாதை. பச்சைக் கதவு வீட்டில் நாய் உண்டு. சங்கிலி எட்டடி. பாதை பன்னிரண்டடி. வலது ஓரமாகப் போகவும்." "நாலாம் பாதை. புதன், சனி, ஞாயிறு போக வேண்டாம், பன்றி வேட்டை. மற்ற நாட்களிலும் சிவப்புச் சட்டை போடவும்." "ஆறாம் பாதை. விளிம்புக்குப் பத்தடி தள்ளி ஓடவும். போன வருஷம் ஐந்தடி போதுமாக இருந்தது. விளிம்பு நகர்ந்துவிட்டது."

ஓர்னெல்லா படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "இதைப் படிச்சா எவனும் ரூமை விட்டே வெளிய வரமாட்டான்டி" என்றாள். ஆனால் வந்தார்கள். போய்விட்டுத் திரும்பி, சங்கிலி சரியாக எட்டடிதான் என்று சொன்னார்கள். எட்டையும் வேறு மொழிகளில் அச்சடித்து விடுதியின் முன்னறையில் வைத்தாள் ஓர்னெல்லா. ஃபோஸ்கா மாதம் ஒரு முறை எட்டுப் பாதையிலும் ஓடிப் பார்த்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் மாதத்தின் பெயரைப் போட்டு, "பார்த்தாயிற்று" என்று கையால் எழுதி, பெயரின் முதல் எழுத்துகளைப் போடுவாள். அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்டது அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று வருஷம் இப்படிப் போனது.

மூன்றாம் வருஷம் அக்டோபரில் பக்கீசியோ மந்தையை இடம் மாற்றினார். ஏழாம் பாதையில் ஒரு சின்னக் கல்பாலம் உண்டு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இரட்டை சைப்ரஸ் மரங்கள். அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேரே போனால் ஒரு மேய்ச்சல் பள்ளம். இத்தனை நாள் அது வெறும் புல். இப்போது அங்கே முந்நூறு ஆடும் ஏழு நாயும்.

நவம்பர் முதல் வாரம் ஃபோஸ்கா ஏழாம் பாதையைப் பார்க்கப் போனாள். பாலத்துக்கு வந்தபோது குரைப்பு கேட்டது. பிறகு அவளே என்னிடம் சொன்னாள்: பழைய தையல் போட்ட இடம் தானாகத் துடித்ததாம்.  இன்னும் இருநூறடி போனால் மரங்கள் தெரியும், தெரிந்தால் போதும், திரும்பிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாளாம். கால் வரவில்லை. மரம் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் விடுதிக்குப் போய், எட்டுத் தாளிலும் எழுதினாள். ஏழாவதில் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டாள். நவம்பர். பார்த்தாயிற்று. ஃபோ.பு.

அடுத்த வாரம், பதினோராம் தேதி வரும் மார்த்தினோ திருநாளுக்கு மறுநாள், பேய்க்காற்று அடித்தது. என் கடைத் தகரம் இரண்டு பறந்துபோயின. அந்த இரட்டை சைப்ரஸும் விழுந்தது. நிலத்துக்காரர் இரண்டே நாளில் அறுத்து, விறகுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பக்கம் போகாத யாருக்கும் அது தெரியாது.

நவம்பர் இருபதுக்கு மேல் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்றே கால் மணி. நான் ஒரு டிராக்டர் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஃபோஸ்கா சமையல் ஏப்ரனோடு கடைக்குள் ஓடி வந்தாள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"துலியோ, வண்டியை எடு."

"என்ன ஆச்சு?"

"ஓர்னெல்லா போன் பண்ணினா. விடுதிக்கு வந்த டென்மார்க்கம்மா ஒருத்தி ஒரு மணிக்கு ஏழாம் பாதைக்குப் போயிருக்கா. இன்னும் வரல."

ஒன்பது கிலோமீட்டர் பாதை. மெதுவாக ஓடினாலும் இரண்டரைக்கு வந்திருக்க வேண்டும். காபி குடிக்க எங்காவது உட்கார்ந்திருப்பார் என்றேன். ஃபோஸ்கா வண்டிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட ஓர்னெல்லாவிடம் சொல்லிவிட்டாளாம். அவர்கள் சாலீனே சாலையில் ஒரு விபத்தில் இருக்கிறார்கள், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்களாம். இருட்ட ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. கீழே ஆற்றிலிருந்து மூடுபனி வேறு ஏறிக்கொண்டிருந்தது.

வழியில் அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.  சரளைச் சாலையில் திரும்பும்போது, என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் இந்த மாசம் அங்க போகல. பாலத்தோட திரும்பிட்டேன். போனேன்னு எழுதிட்டேன்."

நான் வண்டியைத்தான் ஓட்டினேன்.

சரளைச் சாலை பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிறது. இறங்கினோம். ஐம்பதடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. குரைப்பு மட்டும் கேட்டது. ஒன்று விட்டு ஒன்று, அவசரமில்லாமல், நிறுத்தாமல். எனக்கு எல்லாக் குரைப்பும் ஒன்றுதான். ஃபோஸ்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஓடறதைப் பாத்துக் குரைச்சா வேற மாதிரி இருக்கும். இது நிக்கறதைப் பாத்துக் குரைக்குது. அவ அங்க நிக்கறா" என்றாள்.

இனி வருவதை நான் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். இங்கே சிக்னல் இருக்கிறது, உள்ளே இருக்காது, தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்ட ஒருவர் இங்கே நிற்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் அதனால் நிற்கவில்லை. எனக்கு அந்த மூடுபனிக்குள் போகக் கால் எழவில்லை. ஃபோஸ்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பயத்தை அடையாளம் கண்டுபிடிக்க அவளை விட்டால் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

"சரி, நீ இரு" என்றாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பாலத்தைத் தாண்டிப் போனாள். இருபதடியில் மறைந்துவிட்டாள்.

அங்கே நடந்ததை அவளிடமும் பிறகு பக்கீசியோவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மரங்கள் இருந்த இடத்தில் இரண்டு அடிக்கட்டை மட்டும் இருந்தது. புதிதாக அறுத்த மர வாசனை. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அம்மாள் இரட்டை மரத்தைத் தேடிக்கொண்டே நேரே போயிருக்கிறாள். ஃபோஸ்கா அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.  எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொஞ்சம் சிறுநீரும் போய்விட்டது. அதையும் அவள் என்னிடம் மறைக்கவில்லை. எழுந்து திரும்பிப் போய், தீயணைப்புக்காரர்கள் வரும்வரை என்னோடு நின்றால் என்ன என்று நினைத்தாளாம். அப்போது குரைப்புக்கு நடுவே ஒரு மனிதக் குரல் கேட்டது. கத்தல் இல்லை. யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி, மெலிதாக, புரியாத பாஷையில்.

அவள் எழுந்தாள். நேரே நடந்தாள்.

கையில் குச்சி எடுக்கவில்லை. குச்சி இருந்தால் நாய் எதிரி என்று நினைக்கும். கையைத் தொங்கப் போட்டாள். பார்வையைத் தரையில் வைத்தாள். பேசிக்கொண்டே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், அப்போதுதான் நாய் திடுக்கிடாது. என்ன பேசுவது? வாயில் வந்தது சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சுதான்.

"சரி சரி, வந்துட்டேன். யாரும் தள்ளாதீங்க. எல்லாருக்கும் உண்டு. வரிசையா நில்லுங்க. யார் அது, முன்னாடி போறது? உன் இடத்துக்குப் போ."

முதல் நாய் மூடுபனியிலிருந்து வந்தது. பிறகு இரண்டு. அவள் நடையை நிறுத்தவில்லை, வேகப்படுத்தவும் இல்லை. ஒன்று பின்னால் வந்து மூக்கைக் கெண்டைக்காலில் வைத்தது, அதே காலில். ஈரமான குளிர். அந்த நேரத்தில் என் இதயம் நின்றிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன் என்றாள். ஆனாலும் வாய் மட்டும் நிற்கவில்லை. இன்றைக்குப் பீன்ஸ் சூப், நாளைக்கு உருளைக்கிழங்கு, வியாழக்கிழமை மீன் என்று அந்த வாரத்துச் சாப்பாட்டை முழுக்கச் சொல்லி முடித்தாள்.

டென்மார்க்கம்மாள் ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றிருந்தாள். பெயர் இங்கெர். வயது அறுபத்தொன்று. ஒரு காலில் ஷூ இல்லை, கணுக்கால் வீங்கியிருந்தது. நாய்களைப் பார்த்ததும் ஓடி, விழுந்து, சுளுக்கிக்கொண்டு, எப்படியோ தொட்டி மேல் ஏறியிருக்கிறாள். ஒன்றரை மணி நேரமாக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஃபோஸ்காவும் தொட்டி மேல் ஏறினாள். இங்கெரின் இடுப்பில் கை போட்டுத் தாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. நாய்களை விரட்ட அவளுக்குத் தெரியாது. அந்தக் காலோடு அந்த அம்மாளை நடக்க வைத்துக் கூட்டிவரவும் முடியாது. ஆக அன்று ஃபோஸ்கா செய்தது, பயந்துகொண்டிருந்த ஒருத்தி பக்கத்தில் போய் நின்று தானும் பயந்துகொண்டிருந்ததுதான்.

"கண்ணைப் பாக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். தன் கண்ணைக் காட்டி, கையால் மறைத்துக் காட்டினாள். இங்கெர் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து இங்கெர் சட்டைக்குள்ளிருந்து நனைந்த தாள் ஒன்றை எடுத்தாள். ஏழாம் பாதை. இரட்டை சைப்ரஸ் என்ற இடத்தில் விரலை வைத்து, கையை விரித்து, இல்லையே என்று காட்டினாள். விரலுக்கு இரண்டங்குலம் கீழே ஃபோஸ்காவின் கையெழுத்து.

ஃபோஸ்கா அங்கேயே சொல்லிவிட்டாள். நான் வந்து பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதிவிட்டேன், இந்த நாய்களுக்குப் பயந்துதான் வரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். இங்கெருக்கு எங்கள் பாஷையில் பத்துச் சொல்கூடத் தெரியாது. ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்து, ஃபோஸ்காவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். அந்தத் தட்டல்தான் அன்று எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது என்றாள் ஃபோஸ்கா.

இதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன், அல்லது தானாக நடந்தது. சரளைச் சாலையில் மூன்று சக்கர வண்டியின் சத்தம் கேட்டது. பக்கீசியோ பால் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நடுச்சாலையில் நின்று கையை ஆட்டினேன். இரண்டு பெண்கள் உங்கள் நாய்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் என்னை ஏறச் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைப் புல்லில் இறக்கி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் நீளமாக ஒரு விசில் கேட்டது. குரைப்பு சட்டென்று அடங்கியது. அந்த அமைதியைக் கேட்ட பிறகுதான் நானும் பாலத்தைத் தாண்டி ஓடினேன்.

நான் போனபோது பக்கீசியோ இங்கெரைத் தூக்கி வண்டிப் பின்பெட்டியில், காலிப் பால் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டிருந்தார். நாய்கள் தள்ளிப்போய் ஆடுகளோடு படுத்திருந்தன. ஃபோஸ்கா இன்னும் தொட்டி மேலேயே நின்றிருந்தாள், இறங்கத் தெரியாதவள் மாதிரி.

"கடிக்க நிக்கலம்மா அதுங்க" என்றார் பக்கீசியோ. "நான் வர்ற வரைக்கும் புடிச்சு வச்சிருந்துச்சுங்க. அதான் அதுங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

"நாலு வருஷம் முன்னாடி என் காலையும்தான் புடிச்சு வச்சிருந்துச்சு" என்றாள் ஃபோஸ்கா. "ஒன்பது தையல்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என் நாயா?"

"உங்க நாய்தான்."

"ஏன் வந்து சொல்லல?"

"உங்களைப் பாத்தாலே எனக்குப் பயம்."

பக்கீசியோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய ஆள் அப்படித் திகைத்து நின்று நான் பார்த்ததில்லை. "என்னையா?" என்று மெல்லக் கேட்டார்.  பிறகு அவர் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாலத்தருகே வந்தபோது தீயணைப்பு வண்டியின் விளக்கு சரளைச் சாலையில் வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஓர்னெல்லாவின் முன்னறையில், கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி இங்கெர் உட்கார்ந்திருக்க, ஃபோஸ்கா எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். ஓர்னெல்லாவை வரி வரியாக மொழிபெயர்க்கச் சொன்னாள். ஓர்னெல்லாவுக்கே அப்போதுதான் தெரியும். பாதியில் நிறுத்தி, "இதெல்லாம் எதுக்குடி சொல்ற, மரம் விழுந்துச்சுன்னு சொன்னா முடிஞ்சுது" என்றாள். "சொல்லு" என்றாள் ஃபோஸ்கா.

இங்கெர் உடனே மன்னித்துவிடவில்லை.  அந்தத் தொட்டியில் நின்றபோது தான் செத்துவிடுவோம் என்றே நம்பியதாகவும், மகளிடம் கடைசியாக என்ன பேசினோம் என்று யோசித்தது நினைவுக்கு வரவில்லை என்றும், அதை மறப்பது கஷ்டம் என்றும் சொன்னாள். ஃபோஸ்கா தலையாட்டினாள். அழவில்லை. அழுதால் இங்கெர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அது நியாயமில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் கிளம்புவதற்கு முன் இங்கெர் எட்டுத் தாளையும் கேட்டு வாங்கி, ஒரு பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். பாதி வாழ்நாள் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவளாம். மரம், மாட்டுக்கொட்டகை, சிவப்பு வீடு என்று எழுதியிருந்த இடமெல்லாம் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தாள். மரம் விழும், வீட்டுக்கு வேறு வண்ணம் அடிப்பார்கள், பாலத்திலிருந்து எத்தனை அடி என்று எழுது. ஃபோஸ்காவுக்கு என்று தனியாக ஒரு வரிகூட எழுதவில்லை. போகும்போது கை கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபோஸ்கா அடி எண்ணினாள். மற்ற ஏழு பாதைகளையும் எண்ணி முடித்தாள். ஏழாவதில் டிசம்பரிலும் ஜனவரியிலும் "பாலம் வரை மட்டும். அதற்கு மேல் பார்க்கவில்லை. போக வேண்டாம்" என்று எழுதினாள். ஓர்னெல்லா அந்தத் தாளையே எடுத்துவிட்டாள். பக்கீசியோ அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் ஃபோஸ்காவுக்குப் போன் செய்கிறார், இந்த வாரம் மந்தை எந்தப் பக்கம் என்று சொல்ல. இரண்டே வாக்கியம்தான் பேசுவார். முதல் சில மாதங்கள் மூன்றாவது மணி அடித்த பிறகுதான் அந்தப் போனை எடுப்பாள். மார்ச்சில் மந்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனதும் என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஏழாம் பாதையில் போனோம். ஆடும் இல்லை, நாயும் இல்லை, வெறும் புல். அப்படியும் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டு மூன்றாவது முறைதான் அடிக்கட்டையைத் தாண்டினோம். இரண்டாவது முறை திரும்பலாம் என்று சொன்னது நான்.

இப்போது ஃபோஸ்காவுக்கு ஐம்பத்தொன்று. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பயம் குறைந்ததா என்றால், இல்லை. போன மாதம் பக்கீசியோவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஆடுகளைப் பார்க்க ஆள் கிடைத்தது, நாய்களுக்குச் சாப்பாடு வைக்க ஆள் கிடைக்கவில்லை; யாரும் கிட்டப் போக மாட்டேன் என்கிறார்கள். அவர் ஃபோஸ்காவுக்குப் போன் செய்து கேட்டார். உன்னை அதுகளுக்குத் தெரியும் என்றார்.

"முடியாதுங்க. என்னால முடியாது. வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவர் வற்புறுத்தவில்லை. தன் தீவைச் சேர்ந்த ஒருவரை க்ரொஸ்ஸேத்தோவிலிருந்து வரவழைத்துக்கொண்டார். அந்த நாலு நாளும் பள்ளிச் சமையலறையில் மிஞ்சிய எலும்பையும் ரொட்டியையும் ஃபோஸ்கா ஒரு பெரிய வாளியில் போட்டு மூடி, என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மந்தை இருந்த மேட்டுக்குக் கீழே, வேலிக்கு இந்தப் பக்கம், க்ரொஸ்ஸேத்தோக்காரர் வந்து எடுத்துப்போக, வாளியை இறக்கி வைப்பாள். மேலே ஏழு வெள்ளைத் தலைகள் எழுந்து எங்களைப் பார்க்கும். நான் இன்ஜினை அணைக்கவே மாட்டேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி, "போ, போ, சீக்கிரம் போ" என்பாள்.